முடிவு நாள் இல்லாத மருந்து

ஒரு கேள்விக்குறியைப் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் நான்கு பேர் ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

மருந்து சாப்பிடும் நேரத்தை நினைவூட்டுவதுதான் எங்கள் செயலியின் வேலை. மருந்தின் பெயர், அளவு, எந்தெந்த வேளை, எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை என்று பதிந்துவைத்தால் உரிய நேரத்தில் கைபேசி ஒலிக்கும். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு நான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் செயலியை 2018இல் கோட்லின் என்ற புதிய நிரல்மொழிக்கு மாற்றத் தொடங்கியிருந்தோம். அன்று எடுத்த கோப்பு மிகச் சிறியது. மருந்துச் சீட்டில் உள்ள ஒரு வரியைக் குறிக்கும் வகுப்பு, அதாவது அந்த வரியின் விவரங்களுக்கான வார்ப்பு. அதில் ஆறு புலங்கள், ஒவ்வொன்றும் ஒரு விவரத்துக்கான இடம். ஐந்தை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறாவது, 'முடிவு நாள்'.

கோட்லினில் ஒரு புலத்தின் வகையை (எண்ணா, எழுத்தா, தேதியா என்பதை) எழுதி, அதன் கடைசியில் கேள்விக்குறி போட்டால் 'இது இல்லாமலும் இருக்கலாம்' என்று பொருள். போடாவிட்டால் 'இது எப்போதும் இருக்கும்' என்று வாக்குக் கொடுக்கிறோம். இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஜாவாவில் எங்களுக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. அங்கே தேதி என்று எழுதினால் தேதியும் வரலாம், வெறுமையும் வரலாம். எது வரும் என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வெறுமைக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் null என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'நல்' என்று நல்ல சொல்லாக மாறிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அதை 'இன்மை' என்றே எழுதுகிறேன். பொருளும் சரியாக அதுதான்.

"போடு. சில மருந்துகளுக்கு முடிவு நாள் கிடையாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பதை நிறுத்தவா சொல்வார்கள்?" என்றார் ஒருவர்.

"இன்மை என்றால் வாழ்நாள் முழுவதும் என்று அர்த்தமா? படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதும் முடிவு நாள் இன்மையாகத்தானே இருக்கும்?" என்றார் இன்னொருவர்.

எங்களில் மூத்தவர் அதுவரை பேசவில்லை. அந்தச் செயலியின் முதல் வரியை எழுதியவர் அவர், எல்லோருக்கும் அண்ணா. கோட்லின் வேண்டாம் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தவரும் அவர்தான். "மூன்றாவது ஒன்றும் இருக்கிறது" என்றார். "பழைய சர்வர் முடிவு நாளை அனுப்பவே அனுப்பாது. அப்போதும் இன்மைதான் வரும். அதற்கு அர்த்தம், நமக்குத் தெரியாது என்பது."

ஆக, ஒரே இன்மைக்கு மூன்று பொருள். 'முடிவே இல்லை', 'இன்னும் எழுதவில்லை', 'தெரியவில்லை'. உடனே செயலியின் ஒவ்வொரு திரையையும் திறந்து பார்த்தோம். மருந்துப் பட்டியல் காட்டும் திரை இன்மையை 'வாழ்நாள் முழுவதும்' என்று எடுத்துக்கொண்டிருந்தது. அலாரம் வைக்கும் பகுதியோ, இன்மையைப் பாதி நிரப்பிய படிவம் என்று எடுத்துக்கொண்டு, அலாரம் வைக்காமல் விட்டிருந்தது. படிவத்தைச் சேமிக்கும்போது வேறொரு குறியும் சேர்ந்து பதிவானதால் சாதாரண நாட்களில் இந்த முரண் வெளியே தெரியவில்லை. செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்களுக்கு மட்டும், தரவு சர்வரிலிருந்து வரும். அந்தக் குறி வராது. அவர்களுடைய பட்டியலில் மருந்து இருக்கும். அலாரம் அடிக்காது.

'புதுக் கைபேசிக்கு மாறிய பிறகு சில மருந்துகளுக்கு மட்டும் ஒலிப்பதில்லை' என்ற புகார் இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் திறந்தே கிடந்தது. யாராலும் அதைத் திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. பேட்டரி சேமிப்பு அமைப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். 'சில மருந்துகள்' என்பவை முடிவு நாள் இல்லாதவை. அதாவது, ஒரு நாளும் தவறக்கூடாதவை.

அந்தப் பிற்பகலை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றில் ஏதோ செய்கிறது. எத்தனை பேர் எத்தனை வேளை தவறவிட்டார்களோ, கணக்கு இல்லை. ஜாவா அந்தப் பிழையைச் செய்யவில்லை, நாங்கள் செய்தோம். ஆனால் ஜாவா எங்களிடம் கேட்கவில்லை. கோட்லின் கேட்டது. ஒரு புதிய மொழிக்கு மாறுவது பற்றி நான் எழுத நினைத்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்மையைக் கண்டுபிடித்தவர் டோனி ஹோர். 1965இல், ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்கு வகைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, செய்வது எளிதாக இருந்தது என்பதால் அதைச் சேர்த்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2009இல் ஒரு மாநாட்டு உரையில் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றும் ஒப்புக்கொண்டார். கணினியியலின் பெரிய மனிதர்களில் ஒருவர் எழுந்து நின்று இப்படிச் சொல்லியது எனக்குப் பெரிய பாடம். அவருடைய தவறு அரை நூற்றாண்டு ஓடியது. எங்களுடையது நான்கு ஆண்டு.

கோட்லினை ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. ஜாவாவைப் போலவே இதுவும் ஒரு தீவின் பெயர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே, பின்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. 2012இல் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1.0 பதிப்பு வந்தது 2016 பிப்ரவரியில். 2017 மே மாதம், கூகுள் தன் ஆண்டு மாநாட்டில் ஆண்ட்ராய்டுக்கான முழு ஆதரவு பெற்ற மொழி என்று கோட்லினை அறிவித்தது. அந்த அறிவிப்பு வரும்வரை நாங்கள் இதைத் தீவிரமாக எண்ணிப் பார்க்கவில்லை. வெறும் நான்கு பேர் உள்ள குழு, பிறர் உடல்நலம் சார்ந்த செயலி. நாளை கைவிடப்படக்கூடிய மொழியில் அதைக் கட்ட எங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்தோம். அப்படி நினைத்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

அறிவிப்புக்குப் பிறகும் அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மறுப்புகள் வெறும் பிடிவாதம் அல்ல. ஆண்ட்ராய்டு செயலியின் நிரலைத் தாங்கும் ஒரு டெக்ஸ் கோப்புக்குள் 65,536 செயற்கூறுகளுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளுக்கு) மேல் குறிப்பிட முடியாது. நாங்கள் அந்த எல்லைக்கு அருகில் இருந்தோம். கோட்லினின் அடிப்படை நூலகமும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடுவோமோ என்று கேட்டார். ஒவ்வொரு முறை நிரலைக் கைபேசியில் ஓடும் வடிவுக்குத் தொகுக்கும்போதும் நேரம் கூடுமே என்றார். புதிதாகச் சேருபவர்களுக்கு இரண்டு மொழி தெரிய வேண்டியிருக்குமே என்றார். பயன்படுத்தாத பகுதிகளை நறுக்கியெடுக்கும் கருவி முதல் கவலையைத் தீர்த்தது. இரண்டாவது உண்மையாகவே நடந்தது. தொகுக்கும் நேரம் கூடியது, அதைப் பொறுத்துக்கொண்டோம். மூன்றாவது சில ஆண்டுகளில் தலைகீழானது. ஆண்ட்ராய்டு மேம்பாட்டில் இனிக் கோட்லினுக்கே முதலிடம் என்று 2019 மே மாதம் கூகுள் சொன்ன பிறகு, புதிதாக வருபவர்கள் கோட்லினைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் ஜாவா சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அண்ணாவின் எதிர்ப்பைத் தளர்த்தியது வேறொரு காரணம். ஜாவா நின்றுகொண்டிருக்கவில்லை, 2014இல் ஜாவா 8 வந்து, நிரலை வெகுவாகச் சுருக்கி எழுத வழி செய்தது. ஆனால் அந்த வசதிகள் ஆண்ட்ராய்டுக்கு அரைகுறையாகவும் தாமதமாகவும்தான் வந்து சேர்ந்தன. எங்கள் பயனர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைபேசிகள் அவர்களிடம் இருந்தன. கோட்லின் நிரலைத் தொகுக்கும் கருவியான கம்பைலரோ, அந்தக் காலத்தில், ஜாவா 6 புரிந்துகொள்ளும் வடிவிலேயே தன் வெளியீட்டைத் தந்தது. புது மொழியில் எழுதலாம்; பழைய கைபேசியில் ஓடும். "நம் ஆட்களின் கைபேசியை இவர்கள் மறக்கவில்லை" என்றார் அண்ணா. அவர் கோட்லினைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மாற்றத்தைச் சோதனை நிரல்களிலிருந்து தொடங்கினோம். அவை பயனரைச் சென்று சேராது. தவறினால் எங்களுக்கு மட்டும்தான் நட்டம். பலரும் சொல்லும் அறிவுரை இது. பாதுகாப்பானதுதான். ஆனால் அதில் எழுத்துமுறையைக் கற்றோமே தவிர மொழியைக் கற்கவில்லை. வரிக் கடைசியில் அரைப்புள்ளி தேவையில்லை, மாறாத பெயரை ஒரு சொல்லாலும் மாறக்கூடியதை இன்னொரு சொல்லாலும் அறிவிக்க வேண்டும் என்பது போன்றவை இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டன.

ஒன்று மட்டும் எனக்கு அப்போதே பிடித்துப்போனது. ஜாவாவில் ஒரு மாறியை உருவாக்கும்போது அதன் வகையை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை எழுதிக்கொண்டிருந்தோம். கோட்லினில் வலப்பக்கத்தைப் பார்த்தே வகையைக் கம்பைலர் தெரிந்துகொள்கிறது. இதை எங்கள் இளைய சக ஊழியர் ஒருவருக்கு விளக்கும்போது தமிழ் இலக்கணம்தான் கைகொடுத்தது. 'நேற்று வந்தேன்' என்கிறோம். 'நான்' என்று சொல்லவில்லை. ஆனால் 'வந்தேன்' என்பதன் விகுதியிலேயே வந்தவர் யார் என்பது இருக்கிறது. தோன்றா எழுவாய். எழுவாய் தோன்றவில்லை என்பதால் எழுவாய் இல்லை என்றாகாது. கோட்லினில் வகை தோன்றாமல் இருக்கிறது. ஆனால் உறுதியாக இருக்கிறது. அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

அதன் பிறகு தரவு வகுப்புகளுக்கு வந்தோம். எங்கள் ஜாவா வகுப்புகளில் புலங்கள் ஆறு என்றால் வரிகள் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றையும் எடுக்க ஒரு செயற்கூறு, வைக்க ஒரு செயற்கூறு, இரண்டு பொருள்கள் சமமா என்று ஒப்பிட ஒன்று. ஒப்பிடும் அந்தச் செயற்கூறு எப்போதோ எழுதப்பட்டது. 'அளவு' என்ற புலம் அதற்குப் பின்னால் சேர்க்கப்பட்டது. ஒப்பீட்டில் அதைச் சேர்க்க எவருக்கும் நினைவு வரவில்லை. அதனால் ஒருவர் அரை மாத்திரையை ஒரு மாத்திரையாகத் திருத்தினால், 'எதுவும் மாறவில்லை' என்று முடிவு செய்து, பட்டியல் பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். திரையை மூடித் திறந்தால்தான் புதிய அளவு தெரியும். கோட்லினில் தரவு வகுப்பு என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால், அறிவிப்பில் உள்ள எல்லாப் புலங்களையும் கொண்டு ஒப்பீட்டைக் கம்பைலரே எழுதிக்கொள்கிறது. நூறு வரி எட்டு வரியானது என்று பலரும் வியப்பார்கள். எழுதப்படாத அந்த வரிகளில் மனிதர் மறக்கக்கூடியது ஒன்றும் இல்லை என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது.

வேகம் பிடித்ததும் ஒரு தவறு செய்தோம். நாங்கள் நிரல் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஜாவா கோப்பைக் கோட்லினாக மாற்றித்தரும் வசதி இருக்கிறது. ஒரு கட்டளை போதும், கோப்பு மாறிவிடும். ஒரே வாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை அப்படி மாற்றினோம். கம்பைலர் ஏற்றுக்கொண்டது, செயலி ஓடியது. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் அது கோட்லின் எழுத்துகளில் எழுதிய ஜாவாவாக இருந்தது. மொழிபெயர்ப்பு அல்ல, எழுத்துப்பெயர்ப்பு. இன்மை வருமா என்று கருவிக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் இரட்டை ஆச்சரியக்குறி இருந்தது. அந்தக் குறிக்குப் பொருள்: 'இது இன்மை இல்லை, என்னை நம்பு.' நம்பிக்கை பொய்த்தால் செயலி அங்கேயே முடங்கிவிடும். கோட்லின் கேட்ட நூறு கேள்விகளுக்கு, ஒன்றைக்கூடக் காதில் வாங்காமல், நூறு முறை 'என்னை நம்பு' என்று பதில் சொல்லியிருந்தோம்.

அண்ணா அதைப் பார்த்துவிட்டு ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு இரட்டை ஆச்சரியக்குறிக்கும் மேலே, அங்கே ஏன் இன்மை வராது என்று முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத முடியாதவர் அந்தக் குறியைப் போடக்கூடாது. எழுத உட்கார்ந்தபோது பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எங்களால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'ஏனென்றால்' என்று தொடங்கி நின்றுவிடுவோம். இந்த விதியை இன்றும் கடைப்பிடிக்கிறோம். புதிதாக இந்த மொழிக்கு மாறுகிறவர்களிடம் நான் வேண்டிக்கேட்கும் ஒன்று உண்டென்றால் இதுதான்: கருவி மாற்றித்தந்த கோப்பை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அன்றைக்கே ஒருவர் அமர்ந்து, வரி வரியாக, தன் கையால் திருத்தட்டும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பிவந்தால் அந்தக் கோப்பை அறிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

கைவினைச் செய்தி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் ஒரே நேரத்தில் பெரிதும் மாறினால், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் அதைப் பழைய கோப்பின் தொடர்ச்சியாகப் பார்க்காமல் ஒன்றை அழித்து இன்னொன்றை உருவாக்கியதாகக் காட்டும். யார், எப்போது, எதற்காக ஒரு வரியை எழுதினார் என்ற வரலாறு அறுந்துபோகும். முதலில் பெயரை மட்டும் மாற்றி ஒரு பதிவு, பிறகு உள்ளடக்கத்தை மாற்றி இன்னொரு பதிவு என்று பிரித்தால் வரலாறு தப்பிக்கும். முதல் ஐம்பது கோப்புகளுக்கு எங்களுக்கு இது தெரியாது. அந்த வரலாறு போனது போனதுதான்.

அடுத்த பாடம் எல்லையில் கிடைத்தது. கோட்லினும் ஜாவாவும் ஒரே செயலிக்குள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மாறியிருக்கவே முடியாது. ஆனால் ஜாவாவிலிருந்து வரும் மதிப்பு இன்மையா இல்லையா என்று கோட்லினுக்குத் தெரியாது. அந்த இடங்களில் அது சோதிக்காமல் விட்டுவிடுகிறது. இதைவிடக் கடினமான ஒன்றும் இருந்தது. சர்வர் அனுப்பும் தரவைப் படித்துப் பொருளாக்க நாங்கள் பயன்படுத்திய பழைய ஜாவா நூலகம், எங்கள் வகுப்பின் கட்டுநரை (பொருளை முறைப்படி உருவாக்கும் செயற்கூறை) அழைக்காமலே பொருளை உருவாக்கிவிடும். கேள்விக்குறி இல்லாத புலம். ஆனால் சர்வர் அதை அனுப்பவில்லை. உள்ளே சத்தமில்லாமல் இன்மை வந்து உட்கார்ந்துகொள்ளும். 'எப்போதும் இருக்கும்' என்று நாங்கள் கொடுத்த வாக்கைக் கம்பைலர் நம்பிக்கொண்டிருக்கும். மூன்று திரைகள் தாண்டி, சம்பந்தமே இல்லாத இடத்தில் செயலி முடங்கும். 'கோட்லினில் இது நடக்கக்கூடாதே' என்று இரண்டு நாள் தேடினேன். கோட்லினை அறிந்த வேறொரு நூலகத்துக்கு மாறியதும் அந்தப் பிழை வாசலிலேயே, 'இந்தப் புலம் வரவில்லை' என்ற தெளிவான செய்தியோடு நின்றது. மொழியை மாற்றுகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்த வாசலைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் கடைசியில் மாற்றினோம்.

ஐபோன் செயலியை எழுதும் தோழி ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மின்னஞ்சலைத் தேடி எடுத்துக் காட்டினார். 2014இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட் மொழியிலும் இதே கேள்விக்குறி உண்டு. அவர் தொடக்கத்திலிருந்தே அதில்தான் எழுதுகிறார். 'முடிவு நாள் வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?' என்று எங்களைக் கேட்டு 2016இலேயே எழுதியிருந்தார். நாங்கள் பதில் எழுதவில்லை. கேள்வியே எங்களுக்குப் புரிந்திருக்கவில்லை.

காத்திருக்க வேண்டிய வேலைகளைச் செய்யக் கோட்லின் தரும் கோருட்டீன்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 அக்டோபரில், கோட்லின் 1.3 பதிப்பில் அவை நிலைபெற்றன. வலையிலிருந்து தரவு எடுப்பது போன்ற காத்திருக்கும் வேலைகளைத் திரை உறையாமல் செய்ய, அதுவரை ஆண்ட்ராய்டின் ஏசிங்க் டாஸ்க் என்ற பழைய வசதியைப் பயன்படுத்திவந்தோம். 2020இல் கூகுளே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கோருட்டீனில் காத்திருக்கும் வேலையையும் மேலிருந்து கீழாக, சாதாரண நிரல் போலவே எழுதலாம். படிக்கும்போது அப்படி ஒரு நிம்மதி. திரையை மூடினால் அதைச் சார்ந்த வேலைகளும் தாமாகவே ரத்தாகும்.

ரத்து எப்படி நடக்கிறது என்பதைக் கற்க ஒரு பயனரின் கைபேசி சூடாக வேண்டியிருந்தது. சர்வரோடு தொடர்பு கிடைக்காவிட்டால் சில நொடி பொறுத்து மறுபடி முயலும் ஒரு சுழற்சியை எழுதியிருந்தேன். எந்த எக்செப்ஷன் (வேலை தடைபட்டதைச் சொல்லும் செய்தி) வந்தாலும் பிடித்துவைத்துக்கொண்டு சுழற்சியைத் தொடர வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கோருட்டீனில் 'ரத்து' என்ற செய்தியும் ஒரு எக்செப்ஷனாகவே வருகிறது. பயனர் திரையை மூடினார். ரத்துச் செய்தி வந்தது. என் நிரல் அதையும் பிடித்து விழுங்கிவிட்டு மறுபடி முயன்றது. ரத்தான கோருட்டீனில் 'சில நொடி பொறு' என்றால் அது பொறுக்காது. உடனே மறுபடி ரத்துச் செய்தியை எறியும். என் நிரல் மறுபடி விழுங்கும். ஒரு நொடியும் பொறுக்காமல், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. 'செயலியை மூடிய பிறகு கைபேசி கொதிக்கிறது' என்று ஒரு முதியவர் எழுதியிருந்தார். ஒரே வரியில் சரிசெய்தேன்: ரத்துச் செய்தி என்றால் அதை மேலே போகவிடு. அந்த வரியை இப்போதும் யார் நிரலைப் பார்த்தாலும் முதலில் தேடுகிறேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். இப்போது சூடாகவில்லை என்று ஒரு வாரம் கழித்து எழுதினார்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். திரைகளையும் கோட்லினிலேயே எழுதும் ஜெட்பேக் கம்போஸ் 2021 ஜூலையில் 1.0 ஆனது, புதிய திரைகளை அதில் எழுதுகிறோம், பழையவற்றைத் தேவை வரும்போது மட்டும் மாற்றுகிறோம். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே தர்க்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலைபெற்றது. 'முடிவு நாள்' இன்று அந்தப் பொதுப்பகுதியில் இருக்கிறது, இரண்டு செயலிகளும் அதையே படிக்கின்றன. 2024 மே மாதம் வந்த 2.0 பதிப்பின் புதிய கம்பைலர், தொகுக்கும் நேரம் பற்றிய அண்ணாவின் கவலையைப் பெருமளவு குறைத்தது.

முடிவு நாளுக்குக் கடைசியில் நாங்கள் கேள்விக்குறி போடவில்லை. மூன்று பொருளையும் ஒரே இன்மைக்குள் திணிப்பதுதானே தொடக்கத்துப் பிழை? கோட்லினில் 'இது இத்தனை வகைகளில் ஒன்றுதான், இதற்கு மேல் கிடையாது' என்று மூடி முத்திரையிட்ட வகுப்பை எழுத முடியும். 'இந்த நாள் வரை', 'வாழ்நாள் முழுவதும்', 'இன்னும் நிரப்பவில்லை', 'சர்வர் சொல்லவில்லை' என்று நான்கு வகை எழுதினோம். அவற்றைக் கையாளும் இடத்தில் ஒன்றை விட்டுவிட்டாலும், அதன் விடையை எதிர்பார்த்து எழுதிய நிரலைக் கம்பைலர் தொகுக்க மறுக்கும். 'சர்வர் சொல்லவில்லை' என்றால் என்ன செய்வது என்று நீண்ட நேரம் பேசினோம். அலாரத்தை ஒலிக்கவிட்டு, 'இந்த மருந்தை இன்னும் எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று பயனரையே கேட்பது என்று முடிவானது. அந்தப் பதிப்பு வெளியான பிறகு அந்தப் புகார் வரவில்லை.

அந்தப் பேச்சில் எனக்குத் தெளிந்தது ஒன்று உண்டு. கேள்வி கேட்டது புதிய மொழி. ஆனால் பதில் எங்களில் கோட்லின் நன்றாகத் தெரிந்தவர்களிடம் இல்லை. பழைய சர்வர் எதை அனுப்பாது, எந்தக் குறி எதற்காகச் சேர்க்கப்பட்டது, எந்தத் திரை யாருடைய அவசரத்தில் எழுதப்பட்டது என்பதெல்லாம் கோட்லின் வேண்டாம் என்று சொன்னவரிடம் இருந்தது. அவர் எதிர்த்ததற்கு வேறொரு காரணமும் இருந்ததைப் பின்னாளில்தான் சொன்னார். "பத்து வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்றில், நாளைக் காலை நான் புதியவன் ஆகிவிடுவேன்." மாற்றத்தைத் தொடங்கியபோது இளையவர்களைக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரைப் பழைய பகுதிகளைக் கவனிக்கச் சொல்லியிருந்தோம். அவருக்கு எளிதாக இருக்கும் என்றுதான் அப்படிச் செய்தோம். அது பெரிய தவறு. ஒவ்வொரு கோப்பு மாறும்போதும் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் செயலியில் இப்போது ஒரே ஒரு ஜாவா கோப்பு மிச்சமிருக்கிறது. அலாரம் வைக்கும் கோப்பு. கைபேசி அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் முறை 2015இல் ஆண்ட்ராய்டு 6இல் வந்தபோது பட்ட பாடும், துல்லியமான நேரத்தில் ஒலிக்கத் தனி அனுமதி தேவை என்று 2021இல் ஆண்ட்ராய்டு 12 சொன்னபோது பட்ட பாடும் அதற்குள் இருக்கின்றன. சுமார் நானூறு வரி. யாரும் தொடத் துணியவில்லை.

சென்ற வாரம் அண்ணாவும் நானும் அதை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். கருவியைப் பயன்படுத்தவில்லை. ஜாவாக் கோப்பு ஒரு திரையில், வெற்றுக் கோட்லின் கோப்பு இன்னொரு திரையில். முதல் செயற்கூறுக்கு மேலே பல ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: 'இங்கே சில நேரம் இன்மை வருகிறது. ஏனென்று தெரியவில்லை. சோதித்துவிட்டு நகர்.'

"ஏன் வருகிறது அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைபேசி அணைந்து திரும்ப எழும்போது" என்றார். "பயனர் பூட்டைத் திறக்கும் முன்னால் நாம் கேட்டுவிடுகிறோம். சேமிப்பு இன்னும் திறந்திருக்காது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது."

விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன். 'பூட்டு திறக்கப்படவில்லை' என்று ஒரு புதிய வகையைத் தட்டச்சு செய்தார். கம்பைலர் உடனே ஏழு இடங்களில் சிவப்புக் கோடு போட்டது. "சரி, ஒவ்வொன்றாகப் போவோம்" என்று முதல் கோட்டின் மேல் சுட்டியை வைத்தார்.